குழந்தையும் காரீயமும்

தவழும் பருவத்துக் குழந்தை ஒன்றைச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். தரையில் எதைக் கண்டாலும் எடுக்கிறது. எடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. பார்த்து முடித்ததும் வாயில் வைத்துக்கொள்கிறது. கிலுகிலுப்பை, சீப்பு, சாவிக்கொத்து, தாத்தாவின் மூக்குக் கண்ணாடிக் கூடு, நடைவண்டியின் குறுக்குச் சட்டம் ஆகிய எல்லாவற்றுக்கும் அதனிடம் உள்ள சோதனை ஒன்றுதான். பெரியவர்கள் இதைக் குறும்பு என்று சொல்லிக் கையைத் தட்டிவிடுகிறார்கள். அது குறும்பு அன்று. அதுவே குழந்தையின் கல்வி. ஒரு பொருள் கடினமானதா மென்மையானதா, குளிர்ந்ததா வெதுவெதுப்பானதா என்பதையெல்லாம் அது முதலில் உதட்டாலும் நாவாலும்தான் அறிந்துகொள்கிறது. எந்தத் தாயும் இந்தப் பாடத்தை நிறுத்த முடியாது; நிறுத்தவும் கூடாது.

அப்படியானால், வாயினால் உலகத்தைக் கற்கும் அந்த மாணவனுக்கு நாம் எப்படிப்பட்ட பொருள்களைக் கொடுத்து வைத்திருக்கிறோம்? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். வீட்டில் புழங்கும் சாமான்களில் சேரக்கூடிய நச்சுப் பொருள்கள் பல. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லப் புகுந்தால் அது மருந்துக் கடைப் பட்டியலாகிவிடும். ஆகவே, நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டு, வரலாறு நன்கு தெளிந்துள்ள ஒரு நஞ்சை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் காரீயம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறித்து வழங்குகிறது. ஒன்று வெள்ளீயம், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வதும் அதனால்தான். மற்றொன்று காரீயம், கனமானது, கருமை கலந்த சாம்பல் நிறமுடையது, நஞ்சு. முன்னதற்குப் பதிலாகப் பின்னதையோ, இரண்டும் கலந்த கலவையையோ கொண்டு சொம்பு செய்தாலும், பூச்சுப் பூசினாலும், புளி கரைத்த ரசம் அந்த நஞ்சைக் கரைத்துக் கொண்டுவந்து இலையில் ஊற்றிவிடும். இந்தக் குழப்பம் நம்மிடம் மட்டும் இருந்ததன்று. பழைய ரோமானியரும் இரண்டையும் ‘பிளம்பம்’ என்றே சொல்லி, ஒன்றை வெள்ளை என்றும் மற்றதைக் கருப்பு என்றும் அடைமொழியிட்டுப் பிரித்தார்கள். இன்னொரு சந்தேகமும் மாணவர்களுக்கு எழுவதுண்டு: பென்சிலுக்குள் இருப்பது காரீயமா? இல்லை. அது கரியின் ஒரு வடிவமாகிய கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்தது. பென்சிலின் மேலே பூசியிருக்கும் வண்ணம் வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

காரீயம் இவ்வளவு பொல்லாதது என்றால் அதை ஏன் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள்? அது மிகவும் பயன்படும் உலோகம் என்பதே காரணம். எளிதில் உருகும், எளிதில் வளையும், மலிவாகக் கிடைக்கும். அதிலிருந்து செய்யும் வெள்ளைச் சாயத்தை எண்ணெயில் குழைத்து மரத்தில் பூசினால் அடிநிறம் தெரியாமல் மூடும். மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும். காரீயக் குரோமேட் என்ற உப்பு கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறம் தரும். அதே காரீயத்தின் ஓர் ஆக்ஸைடு செக்கச்செவேலென்று இருக்கும். போதாக்குறைக்கு, வண்ணப்பூச்சு விரைவில் உலர்வதற்கும் காரீய உப்புகளைச் சேர்த்தார்கள். குழந்தைகளுக்குப் பிடித்த நிறங்கள் எவை? மஞ்சளும் சிவப்பும்தானே!

ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் பிரிஸ்பேன். வெப்பமான ஊராகையால் அங்கே வீடுகளை மரத்தினால் கட்டி, காற்றுக்காக முன்புறம் அகன்ற தாழ்வாரம் விட்டு, தாழ்வாரத்தைச் சுற்றி மரக் கிராதி அடித்து, வெள்ளை வண்ணம் பூசுவது வழக்கம். குழந்தைகள் பகல் முழுவதும் அந்தத் தாழ்வாரத்தில்தான் விளையாடுவார்கள். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனைக்கு விசித்திரமான நோயோடு சிறுவர் சிறுமியர் வரலாயினர். கடுமையான வயிற்றுவலி, இரத்தசோகை, கால்கள் துவண்டு நடை தளர்தல், சிலருக்குக் கண்பார்வையே மங்குதல். ஜெஃப்ரிஸ் டர்னர் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் இது காரீய நஞ்சின் வேலை என்று கண்டு, 1892-இல் மருத்துவர் மாநாட்டில் அறிவித்தார்கள். நோய் இன்னதென்று தெரிந்தது. நஞ்சு எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. குடிநீரா? தண்ணீர்த் தொட்டியா? பல ஆண்டுகள் தேடினார்கள்.

விடை கண்டவர் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர். நஞ்சு கிராதியிலும் சுவரிலும் பூசிய வண்ணத்தில் இருக்கிறது என்று 1904-இல் எழுதினார். வெப்ப நாட்டு வெயிலில் காரீய வெள்ளை நாளடைவில் பொடிந்து, தொட்டால் மாவாகக் கையில் ஒட்டும். கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை பிறகு விரலைச் சூப்பும், நகத்தைக் கடிக்கும். காரீயச் சேர்மங்களில் சில இனிப்புச் சுவையும் உடையவை. எவ்வளவு எளிய செய்தி! ஆனால் இதைக் கண்டுபிடிக்க, மருத்துவர் மருத்துவமனையை விட்டு வெளியே வந்து, குழந்தையின் வீட்டுத் தாழ்வாரத்தில் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

கிப்சன் சொன்னதை உடனே ஏற்றுக்கொண்டிருந்தால் இந்தப் பேச்சை இங்கேயே முடித்துவிடலாம். அப்படி நடக்கவில்லை. குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களில் காரீய வண்ணம் பூசுவதைக் கட்டுப்படுத்திக் குவீன்ஸ்லாந்து சட்டம் செய்தது 1922-இல்தான். பதினெட்டு ஆண்டுகள் கழித்து! அதற்குள் தாழ்வாரத்தில் விளையாடிய ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அவர்களில் பலர் இளமையிலேயே சிறுநீரகம் பழுதுபட்டு இறந்ததைக் கண்ட நை என்ற மருத்துவர், அந்த நோயின் வேர் பிள்ளைப்பருவத்துக் கிராதியில் இருக்கிறது என்று 1930-களில் எடுத்துக்காட்டினார். நஞ்சு உட்கொண்ட காலம் ஒன்று; அதற்கு விலை கொடுத்த காலம் வேறொன்று.

இதற்கிடையே 1921-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வீட்டின் உட்புறத்தில் காரீய வெள்ளை பூசுவதைத் தடைசெய்யும் உடன்படிக்கை ஒன்றை வகுத்தது. குழந்தைகளை நினைத்து அன்று. வண்ணம் பூசும் தொழிலாளர்களை நினைத்து. எனினும் குழந்தைகளுக்கும் அதனால் நன்மை விளைந்திருக்கும். அமெரிக்கா அதில் சேரவில்லை. அதே 1920-களில் அங்கே காரீய வண்ணம் விற்ற பெரிய நிறுவனம் ஒன்று, தன் வணிகச் சின்னமாகிய டச்சுச் சிறுவனைப் பாத்திரமாக்கி, குழந்தைகளுக்கென்றே பாட்டும் படமும் நிறைந்த புத்தகங்கள் அச்சிட்டு வழங்கிக்கொண்டிருந்தது. பிரிஸ்பேன் மருத்துவர்களின் எழுத்துகள் வெளிவந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அறியாமையைப் பொறுக்கலாம், இதை எப்படிப் பொறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

காரீயம் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை இனிக் காண்போம். நம் உடல் அதைச் சுண்ணச்சத்தாகிய கால்சியம் என்று நினைத்து ஏமாந்துபோகிறது. பாலிலும் கீரையிலும் கேழ்வரகிலும் வரும் கால்சியத்தைக் குடல் எப்படி வரவேற்கிறதோ அப்படியே காரீயத்தையும் வரவேற்கிறது. வளரும் குழந்தைக்கு எலும்பு கட்டக் கால்சியம் மிகுதியாக வேண்டும். ஆகவே அதன் குடல் ஆவலோடு உறிஞ்சுகிறது. ஒரே அளவு காரீயத்தை உட்கொண்டாலும், பெரியவர் உடலில் சேர்வதைப்போல் நான்கைந்து மடங்கு சிறு குழந்தையின் உடலில் சேர்கிறது. உணவில் இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்தால் இந்த உறிஞ்சல் இன்னும் கூடும். வறுமையில் வாடும் குழந்தையை நஞ்சு முதலில் பற்றுவதற்கு இதுவே காரணம்.

உள்ளே போன காரீயம் இரத்தத்தில் சில வாரங்கள் சுற்றுகிறது. பிறகு எலும்பிலும் பல்லிலும் போய்க் குடியேறிப் பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது. பெண்ணாயின், அவள் தாயாகும்போது, கருவுக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பு விட்டுக்கொடுக்கும் வேளையில், சிறுவயதில் சேர்ந்த காரீயமும் கூடவே வெளிப்பட்டுக் கருவைச் சேர்கிறது. பெரியவர்களுக்கு மூளையைச் சுற்றி ஓரளவு வலுவான காப்பு உண்டு; சிசுவுக்கு அந்தக் காப்பு இன்னும் முற்றுப்பெறவில்லை. மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளக் கால்சியத்தைப் பயன்படுத்துகின்றன. அங்கேயும் காரீயம் கால்சியத்தின் வேடமிட்டு நுழைந்து, இணைய வேண்டியவற்றை இணையவிடாமல் குழப்புகிறது.

இந்தக் குழப்பத்துக்கு வெளியடையாளம் பெரும்பாலும் இல்லை. வலிப்பும் மயக்கமும் வந்தால் மருத்துவரிடம் ஓடுவோம். கணக்குப் பாடத்தில் கொஞ்சம் பின்தங்கினால் என்ன செய்வோம்? பையன் மந்தம் என்போம், சோம்பேறி என்போம், சில வீடுகளில் பிரம்பும் எடுப்பார்கள்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பையர்ஸ் என்ற மருத்துவரும் எலிசபெத் லார்ட் என்ற உளவியல் அறிஞரும், காரீய நோயிலிருந்து ‘குணமாகி’ வீடு திரும்பிய இருபது குழந்தைகள் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று தேடிச் சென்று பார்த்தார்கள். மருத்துவமனை ஏடுகளின்படி அவர்கள் எல்லோரும் நலம். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக முன்னேறியவர், இருபது பேரில் ஒருவர்தான். மற்றப் பத்தொன்பது பேரும் படிப்பிலோ நடத்தையிலோ இடறிக்கொண்டிருந்தனர். 1943-இல் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது. பிழைத்துக்கொண்டால் போதும், தழும்பு இல்லை என்று எண்ணியிருந்த மருத்துவ உலகம் அன்றுதான் திடுக்கிட்டது.

அவர்களாவது நோய் வெளிப்பட்ட குழந்தைகள். நோயே வெளிப்படாத குழந்தைகள்? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் ஹெர்பர்ட் நீடில்மன். இரத்தத்தைச் சோதித்தால் அண்மையில் புகுந்த காரீயம்தான் தெரியும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்ததை அறிய எலும்பு வேண்டும். உயிரோடிருக்கும் குழந்தையின் எலும்பை யார் வெட்டித் தருவார்? ஆனால் ஆறேழு வயதில் ஒவ்வொரு குழந்தையும் தன் எலும்பை ஒத்த பொருளைத் தானே உதிர்த்துத் தருகிறது. நம் ஊரில் விழுந்த பாற்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள் அல்லவா? நீடில்மன் அதைக் கேட்டு வாங்கினார். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் இரண்டு நகரங்களில் முதல் இரண்டு வகுப்புகளில் படித்த 3,329 பிள்ளைகளில் 2,335 பேர் பல் கொடுத்தார்கள். பல்லில் காரீயம் எவ்வளவு என்று அறியாத ஆசிரியர்களிடம் அவரவர் மாணவர்களைப் பற்றிக் கேட்டார்: கவனம் சிதறுகிறதா? தொடங்கியதை முடிக்கிறானா? சொன்னதைப் புரிந்து செய்கிறானா? பல்லில் காரீயம் ஏற ஏற, ஆசிரியர் சொன்ன குறைகளும் படிப்படியாக ஏறின. அறிவுச் சோதனையிலும் வித்தியாசம் தெரிந்தது. அந்தக் குழந்தைகளில் ஒருவர்கூடக் காரீய நோயாளி என்று அறியப்பட்டவர் அல்லர். 1979-இல் இது வெளிவந்தது. 1990-இல் அவர்களுள் கிடைத்தவர்களை மறுபடி தேடிப் பார்த்தபோது, பல்லில் காரீயம் மிகுந்திருந்தவர்கள் உயர்நிலைப் பள்ளியை இடையில் விட்டு விலகும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்காக இருந்தது.

இப்படி எழுதியவரை உலகம் சும்மா விடவில்லை. அவருடைய ஆராய்ச்சியில் மோசடி உண்டு என்று 1991-இல் புகார் எழுந்தது. புகார் செய்தவர்கள் காரீயத் தொழிலின் தரப்பில் சாட்சி சொன்ன அறிஞர்கள். நீடில்மன் பகிரங்க விசாரணை கேட்டார், 1992-இல் நடந்தது, மோசடி எதுவும் இல்லை என்று முடிந்தது.

பெட்ரோலைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இயந்திரம் தட்டாமல் ஓடுவதற்காக 1923 முதல் அமெரிக்காவில் பெட்ரோலில் காரீயச் சேர்மம் கலந்து விற்றார்கள். பிறகு உலகமெங்கும் அது பரவியது. வண்ணத்தைத் தொடாத குழந்தையும் தெருப் புழுதியில் காரீயத்தைத் தின்றது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடும், உலகத்தின் கடைசி நாடாகிய அல்ஜீரியாவில் 2021-இலும் அந்த விற்பனை நின்றது. அதற்கு முன்பே பெட்ரோலில் காரீயம் குறையக் குறைய, பல நாடுகளில் குழந்தைகளின் இரத்தத்திலும் அது உடனுக்குடன் குறைந்தது. இவ்வளவு நேரடியான கணக்கைப் பொதுச் சுகாதார வரலாற்றில் அரிதாகவே காண்கிறோம்.

இப்பொழுது சில எண்களை வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் இத்தனை மைக்ரோகிராம் காரீயம் வரை இருந்தால் கவலையில்லை என்று அமெரிக்க மருத்துவ அதிகாரிகள் வகுத்த எல்லை அது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு. 1960-களில் அந்த எல்லை 60. 1971-இல் 40. 1975-இல் 30. 1985-இல் 25. 1991-இல் 10. 2012-இல் 5. 2021-இல் 3.5. இந்தக் கடைசி இரண்டு எண்களையும் ‘ஆபத்தில்லாத எல்லை’ என்று அவர்களே சொல்வதில்லை. கவனிக்க வேண்டியவர்களைப் பிரித்தறியும் அளவுகோல் என்றுதான் சொல்கிறார்கள். ஏனெனில், ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்றும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார அமைப்பின் முடிவு.

இந்த எண் ஏன் இறங்கிக்கொண்டே வந்தது? காரீயம் திடீரென்று கொடியதாகிவிட்டதா? அன்று. ஒவ்வொரு முறையும், இதுவரை பாதுகாப்பானது என்று சொல்லப்பட்ட அளவில் இருந்த குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள், அவர்களும் கெட்டிருந்தார்கள், எல்லையைக் குறைத்தார்கள். அதாவது, பொருளைச் செய்தவர் ‘இது தீங்கற்றது’ என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. ‘இது தீங்கானது’ என்று குழந்தை தன் உடம்பால் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் உறுத்துவது இதுவே. நீதிமன்றத்தில் குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவரை நிரபராதி என்று கொள்கிறோம். அது மனிதர்களுக்கு ஏற்பட்ட நெறி. அந்த நெறியை ஒரு சாயப் பொடிக்கும் நீட்டினார்கள்.

கெட்ட பிறகு மருந்து கொடுத்துச் சரிசெய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். இரத்தத்திலுள்ள காரீயத்தைப் பற்றி இழுத்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு. நஞ்சு மிகுந்து உயிர் ஊசலாடும்போது அவை உயிர் காக்கும். ஆனால் நடுத்தர அளவில் காரீயம் ஏறியிருந்த 780 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடத்திய சோதனையின் முடிவு 2001-இல் வெளிவந்தது. மருந்தினால் இரத்தத்தில் காரீயம் குறைந்தது. அறிவுத்திறன் மட்டும் மீளவில்லை. மருந்து உண்டவர்க்கும் உண்ணாதவர்க்கும் அதில் வேற்றுமை காணப்படவில்லை. ஆகவே இந்த நஞ்சைப் பொறுத்தவரை, குழந்தையின் கைக்கு வரும் முன்னே தடுப்பதுதான் மருத்துவம்.

2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் வாந்தியோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று எண்ணித் திருப்பி அனுப்பினார்கள். சில நாட்களில் இறந்துபோனான். அவன் வயிற்றில் இருந்தது இதய வடிவமான ஒரு சிறு உலோகப் பதக்கம். காலணி வாங்கியபோது இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது. அது அநேகமாக முழுவதும் காரீயம். அடுத்த ஆண்டில் காரீய வண்ணம் பூசிய பொம்மைகள் லட்சக்கணக்கில் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. இவற்றுக்குப் பின்னர்த்தான், 2008-இல், குழந்தைகளுக்கான பொருள்களைச் சோதனைச் சாலையில் காட்டி நற்சான்று பெற்ற பிறகே விற்க வேண்டும் என்று அந்நாட்டில் சட்டம் வந்தது. மெய்ப்பிக்கும் பாரம் குழந்தையின் தோளிலிருந்து செய்பவரின் தோளுக்கு மாறத் தொடங்கியது.

நம் நாட்டிலும் இந்த மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. வீட்டு வண்ணப்பூச்சுகளில் காரீயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று மத்திய அரசாங்கம் 2016-இல் விதி வகுத்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் சோதித்த வண்ணங்கள் சிலவற்றில், முக்கியமாக மஞ்சளில், ஆயிரக்கணக்கான பங்கு காரீயம் இருந்ததுண்டு. 2021 ஜனவரி முதல், பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை பெற்றிருக்க வேண்டும். ஆகவே, தம்பிக்கோ தங்கைக்கோ விளையாட்டுச் சாமான் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். திருவிழாக் கடையில் பளபளவென்று தொங்கும் பெயரில்லாப் பொம்மையை விட, வண்ணமே பூசாத மரப்பாச்சி எவ்வளவோ மேல். பென்சிலின் மேல்வண்ணத்தைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இப்போது நான் முன்னே சொல்லி நிறுத்தியதை நினைவு கொள்வார்கள்.

சட்டம் மட்டும் போதுமா என்ற ஐயம் எழும். வங்காள தேசத்தில் நடந்த ஒரு செய்தி அதற்கு விடை சொல்லும். அந்நாட்டுக் கிராமங்களில், சுற்றுவட்டாரத்தில் ஆலையே இல்லாத இடங்களில், கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருந்தது. ஆராய்ச்சியாளர் மண்ணைப் பார்த்தார்கள், பாத்திரத்தைப் பார்த்தார்கள், கடைசியில் அடுப்பங்கரை அஞ்சறைப் பெட்டியில் அகப்பட்டது. மஞ்சள்! வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சள் கிழங்கைப் பளிச்சென்று காட்டுவதற்காக, 1980-களில் சிலர் காரீயக் குரோமேட் தூவத் தொடங்கியிருக்கிறார்கள், அது வழக்கமாகிவிட்டது. மேசை நாற்காலிகளுக்கு மஞ்சள் வண்ணம் தரும் அதே சாயம்! கலந்தவர்களில் பலருக்கு அது நஞ்சு என்பதே தெரியாது.

2019-இல் இந்த ஆராய்ச்சி வெளிவந்ததும் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தார் சந்தைகளில் அறிவிப்பு ஒட்டினார்கள். வணிகர்களைக் கூட்டிப் பேசினார்கள். காரீயத்தை நொடியில் காட்டும் எக்ஸ்-கதிர்க் கருவியை டாக்கா மொத்தச் சந்தைக்கே எடுத்துச் சென்று, பிடிபட்டவர்களுக்கு அபராதம் விதித்தார்கள். 2019-இல் சந்தை மஞ்சளில் நூற்றுக்கு 47 மாதிரிகளில் இருந்த இந்தக் கலப்படம், 2021-இல் ஒன்றில்கூட இல்லை. இரண்டே ஆண்டு! பிரிஸ்பேன் தாழ்வாரத்துக்குப் பதினெட்டு ஆண்டு ஆயிற்று என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணுக்கு இடும் சுர்மா, நெற்றிக்கு இடும் செம்பொடி ஆகியவற்றிலும் சில இடங்களில் காரீயம் கண்டிருக்கிறார்கள். கைக்குழந்தைக்குக் கடை மை தீட்டும் வீடுகளில் இதைச் சொல்லுங்கள். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இவையெல்லாம் இனிமேல் வாங்கும் பொருளைப் பற்றியவை. முன்னமே நம் வீட்டிலிருப்பதைப் பற்றி என்ன செய்வது? ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் காரீயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது. 2017-க்கு முன் பூசிய கதவும் சன்னலும் தொட்டிலும் நடைவண்டியும் நாட்டில் கோடிக்கணக்கில் உண்டு. அவற்றின் வண்ணம் உரியாமல் உறுதியாக இருக்கும்வரை பெரும் அபாயம் இல்லை. தொல்லை எப்போது என்றால், நாம் வீட்டை அழகுபடுத்தும்போதுதான்.

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பினால் இந்தத் தீங்கு இல்லை. ஆனால் அதே நாளில் பழைய சன்னலையும் கதவையும் உப்புத்தாளால் பரபரவென்று தேய்ப்பார்கள். பறக்கும் தூள் கூடத்துத் தரையில் படியும்; மறுநாள் அங்கே குழந்தை தவழும். பழைய வண்ணத்தை உலர்ந்தபடி சுரண்டவேண்டாம். நெருப்பினால் பொசுக்கவும் வேண்டாம். தண்ணீர் தெளித்து ஈரத்தோடு தேய்க்கச் சொல்லுங்கள். தேய்க்கும் தொழிலாளர் மூக்கையும் வாயையும் நன்கு மூடும் கவசம் அணியட்டும். அவர் வீட்டிலும் குழந்தை இருக்கும், ஆகவே வேலை முடிந்ததும் குளித்துச் சட்டையை மாற்றிக்கொண்டு போகட்டும். தூளைத் துடைப்பத்தால் பெருக்கினால் மீண்டும் பறக்கும். ஈரத் துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள். சாப்பிடும் முன் பிள்ளைகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் பாலும் தட்டில் இருந்தால் குடல் காரீயத்தைக் குறைவாக உறிஞ்சும். வேலை நடக்கும் இரண்டு மூன்று நாள், சிறு குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அத்தை வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ அனுப்பிவிட்டு, தரையை நன்றாகத் துடைத்த பிறகு திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள்.